விமானத் தீயைத் தேடி ஒரு ஜட்கா பயணம்

திண்டுக்கல்லுக்கு வருகிறவர்கள் வழக்கமாக மூன்றைத்தான் விசாரிக்கிறார்கள்: மலைக்கோட்டை, பிரியாணி, சிறுமலை. நான் சொல்லப்போகும் வழி அந்த வரிசையில் இல்லை. ரயில்வே ஸ்டேஷனில் தொடங்கி, ஒருநாள் சிறுமலைக்கும் மறுநாள் தாடிக்கொம்பு பக்கத்துப் புஞ்சைக்கும் நான் போய்வந்த வழி அது. அறுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதம். அப்போது நான் நாகல் நகரில் குதிரை கட்டி ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் தட்டச்சு செய்து, திருப்பிப் படித்துக் காட்டுகிறாள். மைலும் மணியும் என் ஞாபகத்தில் இருப்பவை, அதற்கு நான் பொறுப்பு.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பத்து நாள் முன்னால், காலை பத்தரை மணி வாக்கில், பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போன ஒரு பயணிகள் விமானத்தில் எஞ்சின் தீப்பிடித்தது. முப்பது பேருக்கு மேல் உள்ளே இருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த நாங்கள் எல்லோருமே பார்த்தோம். வானத்தில் கரிக்கோடு இழுத்த மாதிரி புகை தெற்கே போனது. விமானி அந்த எஞ்சினை நிறுத்தி, தீயை அணைத்து, மிச்சமிருந்த ஒரே எஞ்சினில் மதுரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டார். ஒருவருக்கும் சிராய்ப்புகூட இல்லை. ஊரில் அதை ஜெட் என்றுதான் சொன்னார்கள். முன்னால் விசிறி சுற்றுகிறதே, இது எப்படி ஜெட் என்று சிலர் வாதாடினார்கள். பிறகு எனக்குத் தெரிந்தது: வெளியே விசிறி இருந்தாலும் உள்ளே இருப்பது ஜெட் எஞ்சின்தானாம். ஆக ரெண்டு கட்சியும் ஜெயித்தது.

தீ ஏன் பிடித்தது என்று கண்டுபிடிக்க ஒருவர் வந்தார். பெயர் வரதன். மதுரையில் எரிந்த எஞ்சினைப் பார்த்துவிட்டு, காலை ஆறு இருபது ரயிலில் திண்டுக்கல்லில் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். காக்கி நிறத்தில் ஒரு பை, தோளில் தண்ணீர் பாட்டில், காலில் கான்வாஸ் பூட்ஸ். கூட்டமாக ஓடிவந்த வண்டிக்காரர்களை விட்டுவிட்டு, குதிரைக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார்.

"சிறுமலை அடிவாரம் போகணும் பாய். எவ்வளவு தூரம்?"

"அஞ்சு மைலு சார். ஒண்ணேகால் மணி நேரம். ரெண்டு ரூவா. காத்துக்கிட்டு இருக்கணும்னா இன்னொரு ரூவா."

"குதிரை மூச்சு வாங்காம போனா எவ்வளவு நேரம்?"

இதுவரை எந்தச் சவாரியும் என்னிடம் கேட்காத கேள்வி. "ஒண்ணரை" என்றேன். "அப்ப ஒண்ணரை" என்று ஏறி உட்கார்ந்தார். அங்கேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வண்டியைத் திருப்பும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து நின்று சாருக்கு வணக்கம் வைத்தார். முப்பது வயதுக்குள். சட்டை நல்ல சட்டைதான், ஆனால் இரண்டு நாளாகக் கழற்றாதது. வரதன் சார் தலையை மட்டும் அசைத்துவிட்டு என்னைப் போகச் சொல்லிச் சைகை காட்டினார். பாலத்தைத் தாண்டியபிறகுதான் சொன்னார்.

"அவர் பேரு சேவியர். அந்த எஞ்சினை முந்தின நாள் ராத்திரி பெங்களூர்ல ரிப்பேர் பார்த்த மெக்கானிக். இப்ப வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சிருக்காங்க. யாரும் கூப்பிடலை, அவரா வந்து உட்கார்ந்திருக்கார்."

"அவரு மேல தப்புங்களா சார்?"

"தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் போறோம். அவர் உங்களைக் கேட்டா ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். விசாரணைக்குப் போற உங்ககிட்ட அவர் பேசி வெச்சார்னு ஒரு பேச்சு வந்துட்டா, உண்மை அவர் பக்கம் இருந்தாலும் செல்லாமப் போயிடும்."

சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

வழி முழுக்க நான் கேட்டேன், அவர் சொன்னார். எஞ்சினின் அடிமூடியில் ஒரு பகுதி பிய்ந்து எங்கோ விழுந்துவிட்டது. அதோடு எண்ணெய் போகிற குழாயில் ஒரு முழத் துண்டும் போய்விட்டது. அந்தக் குழாயின் தலையில் ஒரு நட்டு உண்டு. அதிர்வில் நட்டு கழன்றுவிடாமல் இருக்க, அதைச் சுற்றி மெல்லிய கம்பி போட்டு முறுக்கிக் கட்டுவார்கள். கம்பி கட்டினேன் என்கிறார் சேவியர். கட்டவில்லை, மறந்துவிட்டார், அதனால்தான் நட்டு கழன்று எண்ணெய் ஒழுகித் தீப்பிடித்தது என்கிறார்கள் அவருக்கு மேலே இருப்பவர்கள். அந்தத் துண்டு கிடைத்தால்தான் யார் சொல்வது சரி என்று தெரியும். கிடைக்காவிட்டால் சேவியருக்கு வேலை போகும், வழக்கும் வரலாம்.

"அந்தக் கம்பிக்குப் பேரு லாக் வயர்" என்றார்.

"லாக்குன்னா பூட்டுதான? நம்ம ஊருலயே விசாரிக்கலாமே சார். நாகல் நகர்ல தெருவுக்கு நாலு பேரு பூட்டு செய்யிறான்."

அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அடிவாரத்துக்கு எட்டே கால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து சிறுமலைக்குப் பஸ் போகிறது. பதினெட்டு கொண்டை ஊசி வளைவு, ஜன்னலோரம் இடம் பிடித்தால் நல்லது. அன்றைக்கு நாங்கள் நடந்துதான் ஏறினோம். எதிரே வாழைத்தார் ஏற்றிய பொதிகுதிரைகள் வரிசையாக இறங்கி வந்தன. மலையில் ஏற்கெனவே இருபது கூலியாட்கள் ஆறு நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். புதருக்குப் புதர் அரிவாளால் வெட்டித் தள்ளியிருந்தார்கள். கூலியாட்களின் தலைவர் இதுவரை கிடைத்ததையெல்லாம் ஒரு சாக்கில் கொண்டுவந்து கொட்டினார்: துருப்பிடித்த லாடம், தகர டப்பா, உடைந்த லாந்தர். வரதன் சார் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, இல்லை என்று மரியாதையாகத் திரும்ப வைத்தார். லாந்தரைக்கூட. அப்புறம் ஒரு பாறை மேல் ஏறி, காந்த ஊசியை வைத்துக்கொண்டு வெகுநேரம் வடக்கே பார்த்தார்.

"விமானம் போன கோடு இதுக்கு மேற்கால இருக்கு பாய். இங்க எப்படி விழும்னு எனக்கு முதல்லேர்ந்தே புரியலை. ஆனா பார்த்த ஒரு சாட்சி இங்கதான்னு சொல்லியிருக்காரே."

மூன்று மணிக்கு இறங்கிவிட்டோம். அடிவாரத்துப் புளியமரத்தடியில் நான் குதிரையைப் பூட்ட, அவர் பையைத் திறந்து காகிதங்களைப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ். எனக்காக ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்கு மூளை ஓடுமாம்.

"தாடிக்கொம்பு பக்கம் பழனிச்சாமி, விவசாயி. ஒரு பொருள் மேல் வனத்தில் விழுந்ததைப் பார்த்தார். அங்கேர்ந்து பார்த்தா தெரியற வனம் இந்த மலைதான். அதான் இங்க தேடறாங்க."

எனக்கு அது சரியாகப் படவில்லை. தாடிக்கொம்பு விவசாயி வனம் என்று பேசுவாரா?

"சார், அவரு வாயால என்ன சொன்னாருன்னு இருக்குங்களா? இங்கிலீசு வேணாம். அவரு சொன்ன வார்த்தை."

பையின் அடியிலிருந்து, கார்பன் தாள் வைத்து எழுதிய ஒரு நகலை எடுத்தார். போலீஸ்காரர் தமிழில் எழுதிக்கொண்டது. அவர் வாசித்தார்: "எங்கள் மேலக்காட்டில் விழுந்தது."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, அவர் காலெல்லாம் முள் கிழித்து ரத்தம் உறைந்திருந்தது. ஆனால் அடக்க முடியவில்லை.

"எதுக்குச் சிரிக்கிறீங்க பாய்?"

"சார், மேலன்னா மேற்கு. காடுன்னா புஞ்சை. மானாவாரி நிலம். அவரு வீட்டுக்கு மேற்கால இருக்குற அவரு சொந்த நிலத்துல விழுந்துச்சுன்னு சொல்லியிருக்காரு. கிழக்கால ஒண்ணு இருந்தா அது கீழக்காடு. இதுல மலையும் இல்ல, வனமும் இல்ல."

அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை இரண்டு தடவை தலையை உதறியது.

"நான் மெட்ராஸ்ல பொறந்தவன் பாய். எனக்கு மேலேன்னா வானம். காடுன்னா புலி." பிறகு கேட்டார், "அப்போ இருபது பேர் ஆறு நாளா இங்க தேடினது?"

"சிறுமலைக்கு நல்லதுதான சார். புதரெல்லாம் சுத்தமாச்சு."

வேறொரு அதிகாரியாக இருந்தால் மொழிபெயர்த்த குமாஸ்தாவை நாலு வார்த்தை திட்டியிருப்பார், அல்லது வண்டிக்காரன் திருத்துவதா என்று முகம் சுளித்திருப்பார். இவர் நோட்டை எடுத்து, நான் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். எழுதினார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டார். ஒரு அதிகாரி எழுதியதை என்னிடம் படித்துக் காட்டிச் சரிபார்த்தது என் ஆயுசில் அது ஒன்றுதான். மருமகளுக்கு இந்த வழக்கத்தைப் பழக்கியது நான்தான், எனக்குப் பழக்கியது அவர்.

பொழுது சாயப்போகிறது, குதிரைக்கும் முடியாது என்பதால் ஸ்டேஷனுக்கே திரும்பினோம். சார் தங்கும் அறைக்குப் போனதும் சேவியர் என் வண்டிப் பக்கம் வந்தார்.

"பாய், ஏதாவது கிடைச்சுதா? ஆமா இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

"குதிரைக்குக் கொள்ளு ஊற வெக்கணும் தம்பி, வாரேன்" என்று நழுவினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றார்.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். கரூர் ரோட்டில் தாடிக்கொம்பு ஆறு மைல். அங்கிருந்து குடகனாற்றைக் கடந்து வடமேற்கே வண்டிப்பாதையில் இரண்டு மைல். ஆற்றில் அப்போது கணுக்கால் தண்ணீர். மாசி மாதத்தில் அந்தப் பக்கம் போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுவது நல்லது, அதற்கப்புறம் நிழல் என்று ஒன்று கிடையாது. எங்கு பார்த்தாலும் சோளம் அறுத்த புஞ்சை, கற்றாழை வேலி, நடுவில் தனியாக ஒரு பனை.

நாலு நாள் முன்னால் அந்தப் பக்கம் எதிர்பாராத மழை பெய்திருந்தது. அதை வைத்துக்கொண்டு எல்லோரும் புஞ்சையை உழுது போட்டிருந்தார்கள். செம்மண் புரண்டு கிடந்த அத்தனை நிலத்துக்கும் நடுவில் ஒரே ஒரு நிலம் மட்டும் உழாமல், காய்ந்த சோளத்தாளோடு நின்றது. அதன் நடுவில் வட்டமாக முள் அடைத்து, உள்ளே எதையோ ஓலைப்பாயால் மூடி, பாயின் நாலு முனைக்கும் கல் வைத்திருந்தது. வண்டிச் சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஒருவர் வந்தார். பழனிச்சாமி. பின்னாலேயே அவர் மனைவி பொன்னாத்தா.

"ஏனுங்க, ஏரோப்ளேன் ஆளுங்களா?"

"ஆமாங்க" என்றார் சார்.

"பத்து நாளாச்சுங்க. போலீஸ்காரரு, ஆளு வர்ற வரைக்கும் ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது, ஆடு மாடு போகக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாருங்க. நானும் அடைச்சு வெச்சுட்டு உக்காந்திருக்கேன்."

"நீங்க போய் ஏன் வரலைன்னு கேட்கலையா?"

"ரெண்டு தடவை போனேனுங்க. தேடிக்கிட்டு இருக்காங்க, வருவாங்க, போன்னாங்க. எனக்குத்தான் வெளங்கல. இங்க கெடக்குறதை எங்க போயித் தேடுறாங்கன்னு."

பொன்னாத்தா விடவில்லை. "மழை பேஞ்சு ஊரே ஏர் பூட்டுச்சுங்க. இவரு மட்டும் முள்ளுக்குக் காவல். வெளிச்சுத்தையாச்சும் ஓட்டுங்கன்னு சொன்னேன். ஏர் ஓட்டுனா அதிரும், அது அசைஞ்சுருமாம். அதென்ன முட்டையா?"

வரதன் சார் அவர்கள் இருவரையும் பார்த்துக் கைகூப்பினார். அந்த வணக்கத்தை நான் மறக்கவில்லை. மேலதிகாரிக்குக்கூட அவர் அப்படிக் கும்பிட்டிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் அவர் வேலை செய்ததைப் பார்க்க வேண்டும். முள்ளை விலக்கியதும் நேரே போய் எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். மூன்று தடவை சுற்றி நடந்தார், தன் கால் தடத்திலேயே திரும்பக் கால் வைத்து. மூலைக்கு மூலை முளைக்குச்சி அடித்து, நாடாவால் அளந்து, படம் வரைந்தார். பாயை நீக்கியபோது கறுத்துச் சுருண்ட ஒரு தகடு தெரிந்தது, நம் வீட்டுக் கதவில் பாதி இருக்கும். அதன் மடிப்புக்குள் விரல் கனத்தில் ஒரு குழாய். மண்டியிட்டு முகர்ந்து பார்த்தார். அவ்வளவுக்கும் கையால் தொடவே இல்லை.

பிறகு பழனிச்சாமியைப் பனைமரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டார். பொன்னாத்தாவை இந்தப் பக்கம் நிறுத்திக் கேட்டார். "புருசன் பொண்டாட்டியைப் பிரிச்சு வெச்சு விசாரிக்கிறாரு பாருங்க" என்று பொன்னாத்தா என்னிடம் சொல்லிக்கொண்டே பதில் சொன்னார்.

"சத்தம் கேட்டப்போ என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?"

"சோளத்தட்டைக் கட்டைத் தலைக்குத் தூக்குனேனுங்க. அப்பத்தான் டப்புன்னுச்சு."

"புகை அப்பவே இருந்துச்சா?"

"இல்லீங்க. கட்டைத் தூக்கித் தலையில வெச்சு, நிமிந்து, எந்தப் பக்கம் சத்தம்னு பாத்தேன். அப்பத்தான் மேல ரெக்கையில புகை வந்துச்சு."

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். "மேலன்னா மேற்கு. சரிதானே பாய்?"

"சரி சார்."

"தெற்கே போற விமானத்துக்கு மேற்குப் பக்கம்னா வலது எஞ்சின். அதேதான்." முகத்தில் பரீட்சை தேறிய மாதிரி ஒரு சந்தோஷம்.

அதோடு விட்டாரா? அதே மாதிரி ஒரு கட்டைக் கொண்டுவரச் சொல்லி, அன்றைக்குத் தூக்கியபடியே தூக்கச் சொன்னார். கையில் கடிகாரம். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை.

"இன்னொரு தடவையாங்க? கூலி போட்டுக் குடுத்துருங்க, நாள் பூராத் தூக்குறேன்."

"இதுதான் கடைசிம்மா."

"இப்பிடித்தான் போன தடவையும் சொன்னீங்க."

மூன்று தடவையும் ஒன்பது வினாடிக்குக் கிட்டத்தட்ட வந்தது. முதலில் சத்தம், ஒன்பது வினாடி கழித்துப் புகை. அதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். நட்டு மெல்லக் கழன்றால் சத்தம் வராது, ஒழுகும், புகையும், பிறகுதான் வெடிக்கும். முதலிலேயே சத்தம் வந்தால் ஏதோ ஒன்று பட்டென்று முறிந்திருக்கிறது. அவ்வளவுதான் சொன்னார். ஒரு தட்டைக்கட்டுத் தூக்குகிற நேரத்தை வைத்து, வானத்தில் நடந்ததை ஒருவர் அளந்தார். பெரிய வித்தை அது.

கடைசியாகத்தான் தகட்டை மெல்லத் திருப்பினார். குழாய் ஒரு முனையில் முறிந்திருந்தது. இன்னொரு முனையில் நட்டு. நட்டைச் சுற்றிக் கம்பி இருந்தது. கறுத்துப்போயிருந்தாலும் இறுக்கமாக, இரட்டை இழையாக முறுக்கி, நுனியை மடக்கி விட்டிருந்தது. சார் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அசையவே இல்லை.

"கம்பி இருக்குங்களே சார்" என்றேன்.

"கம்பி இருக்கு. யார் கட்டினதுன்னு அதுல எழுதியில்லையே பாய். சேவியருக்கு முன்னாடி ரெண்டு பேர் இந்த எஞ்சின்ல வேலை பார்த்திருக்காங்க. இது பழைய கம்பி, சேவியர் தொடவே இல்லைன்னு சொன்னா நான் என்ன பதில் சொல்வேன்?"

எட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்த பொன்னாத்தா கிட்ட வந்து குனிந்தார். அந்தப் பக்கத்து வீடுகளில் கற்றாழை நாரில் கயிறு திரிப்பது எல்லோருக்கும் கைவந்த வேலை.

"இது இடங்கை ஆளு முறுக்குனதுங்க" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"புரியைப் பாருங்க, மாத்தி விழுந்திருக்கு. எங்கூட்டுக்காரருந்தான் இடங்கை. அவரு திரிச்ச கயித்தை என் கயித்தோட சேத்து முறுக்கினா ரெண்டும் பிரிஞ்சு வந்துரும். கலியாணம் ஆன நாள்லேர்ந்து அந்தச் சண்டைதான்."

பழனிச்சாமி தலையைச் சொறிந்தார். சார் அவர்கள் வீட்டிலிருந்து இருவரும் திரித்த கயிறுகளை வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு மறுபடியும் கண்ணாடியில் கம்பியைப் பார்த்தார். நோட்டில் எழுதினார். பொன்னாத்தாவுக்கும் படித்துக் காட்டினார். கடைசியில் எல்லாவற்றையும் பஞ்சு வைத்து ஒரு மரப்பெட்டியில் அடக்கி, அரக்கு வைத்தார். கிளம்பும்போது மணி இரண்டு. கம்பங்கூழும் மோர் மிளகாயும் கொடுத்தார்கள். பழனிச்சாமி கேட்டது ஒன்றே ஒன்று: "இனி உழுதுக்கலாமுங்களா?"

ஸ்டேஷனுக்கு நாலரை மணிக்குத் திரும்பினோம். சொன்னபடியே சேவியர் பெஞ்சில் இருந்தார். பெட்டியைப் பார்த்ததும் எழுந்து பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார். சார் ஸ்டேஷன் மாஸ்டரைச் சாட்சிக்கு வரச் சொன்னார். பையிலிருந்து புதுக் கம்பி ஒரு சாண், ஒரு குறடு, துளை போட்ட இரண்டு நட்டு எடுத்து பெஞ்சில் வைத்தார்.

"நீங்க எப்பவும் கட்டற மாதிரி கட்டிக் காட்டுங்க."

சேவியர் குறட்டை எடுத்தார். இடது கையால் எடுத்தார்.

நான் குதிரையின் பிடரியை இறுகப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன். என் முகம் எதையாவது சொல்லிவிடும் என்று பயம். சேவியர் கம்பியை மாட்டி, நாலு முறுக்கில் கட்டி நுனியை மடக்கிவிட்டார். சார் கண்ணாடியில் பார்த்தார். புரி அதே மாதிரி மாற்றி விழுந்திருந்தது.

"உங்க பட்டறையில இடது கைக்காரர் வேற யாரு?"

"யாரும் இல்லை சார். என்னைத்தான் எல்லாரும் கேலி பண்ணுவாங்க."

சார் அந்தக் கம்பியை உறையில் போட்டு, ஸ்டேஷன் மாஸ்டரிடமும் சேவியரிடமும் கையெழுத்து வாங்கினார். பிறகு சொன்னார்: "நீங்க ஊருக்குப் போங்க சேவியர். உங்களுக்கு இனிமே இங்க வேலை இல்லை."

சேவியரின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை நான் பார்த்தேன். குனிந்து பையை எடுத்தார். நான் வாக்குக் கொடுத்தவன், வாயைத் திறக்க முடியாது. வரதன் சார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டடி போனவரைக் கூப்பிட்டார்.

"சேவியர், நான் சொன்னதை நீங்க எப்படி எடுத்துக்கிட்டீங்க?"

சேவியர் கையில் பையோடு திரும்பி நின்றார்.

"இங்கன்னு நான் சொன்னது திண்டுக்கல்லை."

சேவியர் பையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் மாறி மாறித் தேய்த்துக்கொண்டே இருந்தார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு என் செலவு. இரண்டு பிளேட் பிரியாணி சாப்பிட்டார். இரண்டு நாளுக்கும் சேர்த்து.

சித்திரையில் பழனிச்சாமிக்கு வரதன் சாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது, தமிழில். தபால்காரர் படித்துக் காட்டியதை அவர் திண்டுக்கல் சந்தைக்கு வந்தபோது எனக்கு வரி பிசகாமல் சொன்னார். குழாய் ஓயாத அதிர்வில் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு முறிந்ததாம். அதே குழாய் இருக்கும் மற்ற விமானங்களையும் நிறுத்திப் பார்த்ததில் இன்னும் சிலவற்றில் விரிசல் விட்டிருந்ததாம், எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்களாம். சேவியர் வேலையில் இருக்கிறார். நீங்கள் பத்து நாள் உழாமல் வைத்திருந்த நிலத்தால் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று எனக்கு எண்ணத் தெரியவில்லை என்று எழுதியிருந்தாராம்.

இப்போது அந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து தாடிக்கொம்புக்கு டவுன் பஸ் அடிக்கடி உண்டு. கோயிலைப் பார்த்துவிட்டு, ஆற்றுப்பாலம் தாண்டி நடந்தால் நான் சொன்ன புஞ்சைகள் வரும். தொப்பி, தண்ணீர், நல்ல செருப்பு வேண்டும். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, நிலம்தான். விதைத்திருந்தால் வரப்பிலேயே நில்லுங்கள். வழி கேட்டால் இடது, வலது என்று சொல்ல மாட்டார்கள், திசைதான் சொல்வார்கள். காலையில் போனால் சூரியன் இருக்கிற பக்கம் கீழ என்று வைத்துக்கொள்ளுங்கள், தப்பாது.

நான் விமானத்தில் ஏறியது ஒரே ஒரு முறை, மதுரையிலிருந்து சென்னைக்கு, வயதான பிறகு. கிளம்ப நாற்பது நிமிடம் தாமதம். இறக்கைக்குக் கீழே ஒருவர் டார்ச் அடித்து எதையோ திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே எல்லோரும் முணுமுணுத்தார்கள். பக்கத்து சீட்டுக்காரர், "என்னதான் பாக்குறான் இவன் இம்புட்டு நேரம்?" என்று என்னிடம் கேட்டார்.

உங்களுக்கும் அப்படி ஒரு தாமதம் வரும். அவரை அவசரப்படுத்தாதீர்கள். அவர் பார்த்து முடிக்கட்டும்.